பூட்டிய வீட்டில் ஒரு நாய்

காலை எட்டரை மணி. வீட்டில் உள்ள எல்லாரும் புறப்படுகிறார்கள். தந்தை அலுவலகத்திற்கு, தாய் தாம் பணிபுரியும் பள்ளிக்கு, பிள்ளைகள் கல்லூரிக்கு. கதவு பூட்டப்படுகிறது. உள்ளே நாய் மட்டும் தனியே இருக்கிறது. மாலையில் வந்து கதவைத் திறந்தால், கதவின் உட்புறமெங்கும் நகக் கீறல்கள். செருப்பு ஒன்று கிழிந்து கிடக்கிறது. கூடத்தின் நடுவே சிறுநீர். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "உங்கள் நாய் பகல் முழுவதும் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது" என்று முறையிடுகிறார்.

"விட்டுவிட்டுப் போன கோபத்தில் நம்மைப் பழிவாங்கியிருக்கிறது" என்றே பெரும்பாலோர் முடிவு கட்டுகிறார்கள். நாயை இழுத்து வந்து, கிழிந்த செருப்பைக் காட்டி இரண்டு அடி கொடுக்கிறார்கள். நாய் காதுகளைப் பின்னுக்கு மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. "பார்த்தீர்களா, செய்த குற்றம் அதற்கே தெரிகிறது!" என்கிறார்கள். மறுநாளும் அதே கதைதான். சில வாரங்கள் கழித்து அந்த நாய் நாள் முழுவதும் சங்கிலியில் கட்டப்படுகிறது. அல்லது வேறு யாருக்கோ கொடுக்கப்படுகிறது. அல்லது தொலைவில் ஒரு தெருவில் விடப்படுகிறது.

உண்மையில் அந்த நாய் பழிவாங்கவில்லை, அது அஞ்சியது. தன் மனிதர்கள் கண்ணுக்கு மறைந்தவுடன் தாங்க முடியாத பதற்றம் அதைப் பற்றிக்கொண்டது. இந்த நிலையைப் பிரிவச்சம் எனலாம். இது குற்றமன்று, அச்சமே என்று தெளியவும், அச்சத்தைத் தணிக்கும் வழியைக் கண்டறியவும் அறிவியலுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

பழைய உறவு

நாய் மனிதனோடு சேர்ந்தது எப்போது? உழவுத் தொழில் தோன்றுவதற்கு முன்பே, மனிதன் வேட்டையாடித் திரிந்த காலத்திலேயே இவ்வுறவு தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில், 1914ஆம் ஆண்டு கல்லுடைக்கும் தொழிலாளர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டனர். அதில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளுடன் ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. அதன் காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

அந்த நாயின் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2018ஆம் ஆண்டு ஒரு செய்தியை வெளியிட்டனர். அது ஏழு மாதம்கூட நிரம்பாத குட்டி. ஐந்தாம் மாத அளவில் அதற்கு டிஸ்டெம்பர் போன்ற கொடிய நோய் கண்டிருக்கிறது. அந்நோயுடன் அது பல வாரங்கள் உயிரோடு இருந்திருக்கிறது. நோயுற்ற குட்டியால் வேட்டைக்கு உதவ முடியாது. காவல் காக்கவும் முடியாது. யாரோ அதற்கு நீர் கொடுத்து, துடைத்துவிட்டு, கதகதப்பாக வைத்துப் பேணியிருந்தாலன்றி அது அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது. பயன் கருதாத அன்பு அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு அந்தப் பற்கள் சான்று.

வடக்கு இஸ்ரேலில் அயின் மல்லாகா என்னும் இடத்தில் 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழி கிடைத்துள்ளது. அதில் ஒரு மனிதரின் கை, நாய்க்குட்டி என்று கருதப்படும் சிறு விலங்கின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஆநிரை மீட்கும் பூசலில் உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. வீரனின் உருவத்திற்குப் பின்னே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்த ஊர் அது!

ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக மனிதன் தன்னைவிட்டு அகலாத நாயையே விரும்பி வளர்த்தான். கூட்டமாக வாழும் ஓநாய் இனத்திலிருந்து வந்த விலங்கு அது. தனித்திருத்தல் அதன் இயல்பிலேயே இல்லை. அத்தகைய விலங்கை ஒரு வீட்டினுள் எட்டு மணி நேரம் தனியே பூட்டி வைப்பது மிக அண்மைக்கால வழக்கம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் சிக்கலின் பாதி விளங்கிவிடும்.

சிபுயா நிலையத்தில் ஒரு நாய்

பிரிவால் வாடிய நாய் என்றவுடன் உலகம் நினைப்பது ஹச்சிகோவைத்தான். 1923ஆம் ஆண்டு ஜப்பானின் அகிட்டா மாநிலத்தில் பிறந்த இந்த நாயை, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பேராசிரியர் உவேனோ ஹிதெசபுரோ வளர்த்தார். அவர் வீடு சிபுயா இரயில் நிலையத்திற்கு அருகில் இருந்தது. அவரை வழியனுப்பவும் எதிர்கொள்ளவும் ஹச்சிகோ நிலையத்திற்குச் செல்வது வழக்கம். 1925ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பேராசிரியர் பல்கலைக்கழகத்திலேயே திடீரென இறந்துபோனார். அன்று தொடங்கிய காத்திருப்பு 1935ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் ஹச்சிகோ இறக்கும்வரை தொடர்ந்தது. பேராசிரியருடன் அது வாழ்ந்ததோ ஓர் ஆண்டுக்குச் சற்று மிகுதியான காலம். காத்திருந்ததோ ஏறத்தாழ பத்து ஆண்டுகள்.

தொடக்கத்தில் நிலையத்தில் அதை விரட்டியவர்களும் உண்டு. 1932இல் ஒரு நாளிதழ் அதன் கதையை வெளியிட்ட பின்னரே ஹச்சிகோ புகழ்பெற்றது. 1934இல், அது உயிரோடு இருந்தபோதே, நிலையத்தின் முன் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். போர்க்காலத்தில் அச்சிலை உருக்கப்பட்டது; 1948இல் புதிய சிலை எழுந்தது. மக்கள் ஹச்சிகோவை விசுவாசத்தின் வடிவமாகப் போற்றினார்கள். ஆனால், விசுவாசம் என்று நாம் பெயரிட்ட அந்த உணர்ச்சி நாய்க்கு எப்படி இருந்திருக்கும்? இக்கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஹச்சிகோ சிபுயாவுக்கு வந்த அதே 1924ஆம் ஆண்டில், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இரஷ்யாவில், எதிர்பாராத ஒரு நிகழ்ச்சி அக்கேள்விக்கு முதல் விடையைத் தந்தது.

லெனின்கிராடு வெள்ளம்

இவான் பாவ்லவ் என்னும் உடலியல் அறிஞரின் பெயரை மாணவர்கள் அறிவார்கள். செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபெல் பரிசு பெற்றவர். ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, உடனே உணவு கொடுத்து வந்தால், நாளடைவில் அந்த ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் என்று காட்டியவர் அவரே. பழக்கத்தால் உண்டாகும் இத்தகைய அனிச்சைச் செயல்களை அவர் துல்லியமாக அளந்து வந்தார். ஆய்வுக்குக் குறுக்கீடு வரக்கூடாது என்பதற்காக, நாய் ஓர் அறையில் தனியே நிறுத்தப்படும். ஆய்வாளர் வெளியில் அமர்ந்து கருவிகளை இயக்குவார்.

1924ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் லெனின்கிராடு நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பாவ்லவின் நாய்க் கொட்டில்களில் நீர் புகுந்தது. பணியாளர்கள் பெரும்பாடுபட்டு நாய்களை வெள்ளத்தில் நீந்தச் செய்து ஆய்வுக்கூடக் கட்டடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தனர். புயற்காற்றின் இரைச்சலும் அலைகளின் மோதலும் சேர்ந்த அந்த நாளை நாய்கள் மறக்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின் மீண்டும் ஆய்வு தொடங்கியது. ஸ்பெரான்ஸ்கி என்னும் ஆய்வாளரின் பொறுப்பில் இருந்த ஒரு நாய் அடியோடு மாறிப்போயிருந்தது. முன்பு ஒழுங்காக உமிழ்நீர் சுரந்த அடையாளங்களுக்கு இப்போது ஒரு துளியும் சுரக்கவில்லை. நாய் அமைதியின்றித் தவித்தது. எதிரே வைத்த உணவைக்கூடத் தொடவில்லை. பட்டினி போட்டுப் பார்த்தும் பயனில்லை.

அப்போது ஓர் எளிய மாறுதல் செய்யப்பட்டது. ஸ்பெரான்ஸ்கி வெளியே அமராமல் நாயுடன் அறைக்குள்ளேயே இருந்தார். என்ன வியப்பு! மறைந்துபோன அனிச்சைச் செயல்கள் திரும்பி வந்தன; நாய் உணவை உண்டது. அவர் வெளியேறினால் பழைய தவிப்பு மீண்டது. இன்னும் ஒரு படி சென்றார்கள். ஸ்பெரான்ஸ்கியின் உடையின் ஒரு பகுதியை மட்டும் நாயின் கண்ணுக்குப் படாமல் அறையில் வைத்தார்கள். அதன் மணமே நாய்க்குப் போதுமானதாக இருந்தது!

சில வாரங்களில் நாய் தேறியது. அதன்பின் ஒருநாள் சோதனைக்காக, அறைக் கதவின் அடியில் சிறிதளவு நீரைக் கசியவிட்டார்கள். அந்தச் சிறு நீரோட்டத்தைக் கண்டதும் நாய் மறுபடியும் நிலைகுலைந்தது. அச்சம் அழிந்துவிடவில்லை, அடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

பாவ்லவின் கருத்தெல்லாம் மூளையின் செயலைப் பற்றியது, பிரிவச்சத்தைப் பற்றியதன்று. ஆயினும் அந்த ஆய்வறையிலேயே இரு உண்மைகள் வெளிப்பட்டுவிட்டன. அஞ்சிய நாய்க்கு உணவைவிடப் பழகிய மனிதர் அருகில் இருப்பது பெரிது என்பது ஒன்று. அச்சத்தின் பிடியில் உள்ள நாய் உண்ணாது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பயன்படும்.

1920களில் பாவ்லவிடம் பயின்ற ஹோர்ஸ்லி கான்ட் என்னும் அமெரிக்க மருத்துவர், பின்னர் பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். மனிதர் ஒருவர் தடவிக்கொடுக்கும்போது நாயின் இதயத் துடிப்பு குறைவதை அவர் அளந்து காட்டினார். மனிதரின் அருகாமை நாயின் உடலுக்குள்ளேயே மாறுதலை உண்டாக்குகிறது என்பது அப்போது உறுதியாயிற்று.

ஓர் அறிஞரின் வீட்டில்

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973இல் நோபெல் பரிசில் பங்கு பெற்ற கான்ராட் லோரென்சுக்கு இந்தச் சிக்கல் சொந்த வீட்டிலேயே நேர்ந்தது. 1940ஆம் ஆண்டு அவர் ஆஸ்திரியாவிலிருந்து கோனிக்ஸ்பர்க் நகருக்குப் பேராசிரியராகச் சென்றார். ஸ்டாசி என்னும் அவருடைய பெண் நாய், அவர் பெட்டிகளைக் கட்டத் தொடங்கியதிலிருந்தே உற்சாகம் இழந்து காணப்பட்டது. புறப்படும் நாளில் இரயில் நிலையம்வரை பின்தொடர்ந்து, நகரத் தொடங்கிய வண்டியில் தாவி ஏறியது. அவர் அதைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டியதாயிற்று.

பிறகு வீட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒழுங்காகப் பழக்கப்பட்ட ஸ்டாசி அக்கம்பக்கத்துக் கோழிகளைக் கொல்கிறது, வீட்டிற்குள் அசுத்தம் செய்கிறது, யாருக்கும் அடங்குவதில்லை. கடைசியில் அதை அடைத்து வைக்க வேண்டியதாயிற்று. லோரென்ஸ் திரும்பி வந்தபோது, ஸ்டாசி அவருடைய மணத்தை உணர்ந்து, முகத்தை உயர்த்தி நீண்ட ஊளையிட்டு, பின்பு அவர்மேல் பாய்ந்தது. அந்த நாள்முதல் அது மீண்டும் பழைய நல்ல நாயாக இருந்தது. 1950இல் வெளியான தம் நூலில் இதை அவர் எழுதியிருக்கிறார். "கெட்ட நாய்" என்று ஊர் சொன்னது உண்மையில் துயருற்ற நாய் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

குட்டியின் குரல்

தனிப்பட்ட கதைகள் எத்தனை இருந்தாலும் அறிவியலுக்கு அளவீடு வேண்டும். அதைத் தந்தவர்கள் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகியோர். ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, தம் முடிவுகளை 1965இல் ஒரு பெரும் நூலாக வெளியிட்டனர்.

குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே அதன் உறவுகள் உருவாகும் காலம் என்று அவர்கள் கண்டனர். அதே ஆய்வுக்கூடத்தில் பிரீட்மன் முதலியோர் செய்து 1961இல் வெளியிட்ட சோதனை இதற்கு வலுவூட்டியது. உயர்ந்த வேலியிட்ட ஒரு நிலத்தில், மனிதரைக் காணாமலே குட்டிகள் வளர்க்கப்பட்டன. இடையில் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மனிதரோடு பழகிய குட்டிகள் பின்னரும் மனிதரை நாடின. பதினான்கு வாரம்வரை மனிதரையே காணாத குட்டிகளோ காட்டு விலங்குகளைப்போல் அஞ்சி ஓடின.

அக்குழுவினர் வேறொன்றையும் அளந்தனர். ஆறு ஏழு வாரக் குட்டி ஒன்றைத் தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் பிரித்துப் புதிய இடத்தில் தனியே விட்டால், அது நிமிடத்திற்கு 100 தடவைக்கு மேல் கத்துகிறது. இந்தக் கத்தல் யாரும் கற்றுக்கொடுத்ததன்று. உயிர் காக்க இயற்கை தந்த எச்சரிக்கை மணி. குட்டி கத்தினால் தாய் தேடி வரும். கத்தாவிடில் குட்டி சாகும்.

இந்த மணி மூளையில் எங்கே ஒலிக்கிறது? 1975இல், மூளை தானே உண்டாக்கும் வலிநீக்கப் பொருள்கள் சில முதன்முதலாகக் கண்டறியப்பட்டன. அவை அபினியிலுள்ள மார்பினைப்போல் செயல்படுபவை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, யாக் பாங்செப் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும், பிரிக்கப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு மிகச் சிறிய அளவு மார்பின் கொடுத்தால் அவற்றின் கத்தல் குறைவதைக் கண்டனர். உடல் வலியைத் தணிக்கும் அதே பொருள் பிரிவின் துயரையும் தணிக்கிறது. "பிரிவு வலிக்கிறது" என்று நாம் சொல்வது வெறும் உவமையன்று என்று தெரிந்தது.

தாயும் சேயும் போல

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கான்ட் நாய்களை ஆராய்ந்த காலத்திலேயே, அங்கே மேரி எயின்ஸ்வர்த் என்னும் உளவியலாளர் கைக்குழந்தைகளை ஆராய்ந்து வந்தார். பழக்கமில்லாத ஓர் அறையில் தாயுடன் குழந்தை இருக்கும். அயலார் ஒருவர் வருவார். தாய் சற்று வெளியே போவார். பிறகு திரும்பி வருவார். ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தை என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். தாய் அருகில் இருந்தால் குழந்தை துணிவோடு அறையைச் சுற்றிப் பார்க்கும்; விளையாடும். தாய் போனால் விளையாட்டு நின்றுவிடும்.

இதே சோதனையை நாய்களிடம் செய்தால் என்ன? அங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் தோபால் முதலிய ஆய்வாளர்கள் 51 நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் கொண்டு செய்து, 1998இல் முடிவை வெளியிட்டனர். வளர்ப்பவர் இருக்கும்போது நாய் விளையாடியது. அவர் போனபின் அயலாரை விட்டுக் கதவருகே போய் நின்றது. திரும்பியதும் ஆர்வத்தோடு வரவேற்றது. தாயிடம் குழந்தைக்கு உள்ள பற்றைப் போன்ற ஒன்று நாய்க்கு மனிதரிடம் உண்டு என்று அவர்கள் முடிவு செய்தனர்.

குற்றமுள்ள முகமா?

இனி அந்த "குற்றமுள்ள முகத்திற்கு" வருவோம். 2009இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். தின்பண்டம் ஒன்றை வைத்து, "தொடாதே" என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். சில வேளை நாய் அதைத் தின்னும். சில வேளை தின்னாது. ஆனால் வளர்ப்பவரிடம் சொல்லப்படும் செய்தி எப்போதும் உண்மையாக இராது. முடிவு என்ன? நாய் தவறு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்திற்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் கடிந்துகொண்டபோதுதான் அந்த முகம் தோன்றியது. தவறே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் மிகுதியாகத் தோன்றியது!

ஆகவே கிழிந்த செருப்பைக் காட்டி அடிக்கும்போது நாய் காதை மடக்குவது குற்ற உணர்ச்சியால் அன்று. நம் கோபத்தைக் கண்ட அச்சத்தால். காலையில் செய்ததற்கு மாலையில் அடித்தால் அந்த இரண்டையும் நாய் இணைத்துப் பார்க்காது. நாம் திரும்பி வருவதும் ஆபத்து என்பதை மட்டுமே அது கற்கும். தனிமைக்கு அஞ்சிய நாய் இனி நம் வருகைக்கும் அஞ்சும். நோயை மருந்தென்று கொடுப்பது இதுதான்.

அச்சத்தைத் தேய்க்கும் முறை

அப்படியானால் வழி என்ன? அதன் தொடக்கமும் 1924ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. லெனின்கிராட்டில் வெள்ளம் வந்த அதே ஆண்டில், அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் இளம் உளவியலாளர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனைக் குணப்படுத்திய விவரத்தை வெளியிட்டார். சிறுவன் விருப்பமான உணவை உண்டுகொண்டிருக்கும்போது முயல் தொலைவில் வைக்கப்பட்டது. அவன் அமைதியாக இருந்தால் மறுமுறை சற்று அருகில். பின்னர் இன்னும் அருகில். கடைசியில் முயலை அவனே தடவிக்கொடுத்தான்.

தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் பூனைகளிடம் இதைச் சோதித்து, 1958இல் முறையான மருத்துவமாக வகுத்தார். 1970களில் டூபர், ஹாதர்சால், விக்டோரியா வோய்த் ஆகியோர் இம்முறையை வீட்டு நாய்களுக்குக் கொண்டுவந்தனர். 1982இல் வோய்த், பீட்டர் போர்ச்சல்ட் ஆகிய இருவரும் நாயின் பிரிவுச் சிக்கலை அறியும் முறையையும் தீர்க்கும் முறையையும் கால்நடை மருத்துவர்களுக்காக விளக்கி எழுதினர். இன்றைய சிகிச்சை அந்த அடிப்படையில்தான் நடக்கிறது. அதன் சாரம் இதுதான்: தாங்கக்கூடிய அளவிலிருந்து தொடங்கி, அச்சம் எழாதபடி தனிமையைச் சிறிது சிறிதாக நீட்டுதல்.

முதலில், சிக்கல் உண்மையில் பிரிவச்சந்தானா என்று பார்க்க வேண்டும். இளம் நாய்கள் பொழுது போகாமலும் பொருள்களைக் கடிக்கும். நோயாலும் சிறுநீர் கழிக்கும். கைப்பேசியை ஒரு மூலையில் வைத்துப் படம் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பிரிவச்சம் உள்ள நாய் பெரும்பாலும் நாம் சென்ற முதல் அரை மணி நேரத்திற்குள்ளேயே தவிக்கத் தொடங்கும், எச்சில் வடிக்கும், மூச்சிரைக்கும், கதவையும் சன்னலையும் பிறாண்டும். பிரியமான தின்பண்டத்தை வைத்துவிட்டுப் போனாலும் தொடாது. ஸ்பெரான்ஸ்கியின் நாய் நினைவுக்கு வருகிறதல்லவா? தீண்டப்படாத உணவு அச்சத்தின் அடையாளம்.

அடுத்தது, புறப்பாட்டின் அடையாளங்களை வலுவிழக்கச் செய்தல். சாவிக் கொத்தின் ஓசை, செருப்பு மாட்டுதல், பையைத் தோளில் போடுதல் ஆகியவை நாய்க்குப் பாவ்லவின் ஒலி போன்றவை. அவற்றைக் கேட்டதும் அச்சம் சுரக்கிறது. எனவே ஒரு நாளில் பலமுறை சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போகாமல் உட்கார்ந்துவிடுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய் வாருங்கள். நாளடைவில் சாவி ஓசைக்குப் பொருள் இல்லாமற் போகும்.

பிறகு தனிமைப் பயிற்சி. கதவுக்கு வெளியே சென்று சில நொடிகளில், நாய் பதறுவதற்கு முன்பே, திரும்பி வாருங்கள். அமைதியாக இருந்தால் அடுத்த முறை சற்றுக் கூடுதலான நேரம். ஒரேயடியாக ஏற்றிக்கொண்டே போகாமல், இடையிடையே குறைத்தும் பழக்குங்கள். நாய் பதறினால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். ஒரு படி இறங்குங்கள். இது சில நாள்களில் முடிவதன்று. பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் ஆகலாம். அந்தக் காலத்தில் நாயை அதன் எல்லைக்கு மேல் தனியே விடாமல் இருப்பது முக்கியம். பாட்டி, பக்கத்து வீட்டார், உறவினர் யாராவது உடன் இருக்க ஏற்பாடு செய்யலாம். அவசரப்பட்டு ஒருநாள் முழுவதும் பூட்டி வைத்தால், கதவின் அடியில் கசிந்த நீரைப்போல் அது பழைய அச்சத்தை எழுப்பிவிடும்.

கூண்டில் அடைப்பதும் சங்கிலியில் கட்டுவதும் பதற்றத்தைக் கூட்டி, நாய் தன்னையே காயப்படுத்திக்கொள்ளச் செய்யலாம். துணைக்கு இன்னொரு நாயை வாங்குவதும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. அது ஏங்குவது மனிதருக்காக. நாள்தோறும் நடைப்பயிற்சி, விளையாட்டு, அமைதியான புறப்பாடு, அமைதியான வருகை ஆகியவை உதவும்.

அச்சம் மிகக் கடுமையாக இருந்தால் மருந்தும் உண்டு. மனிதரின் மனநோய்க்குப் பயன்பட்ட குளோமிப்ரமின் 1998இலும், புளூவாக்செட்டின் 2007இலும் நாயின் பிரிவச்சத்திற்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை பயிற்சிக்குத் துணையே தவிர, பயிற்சிக்கு மாற்றல்ல. கால்நடை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. மனிதருக்கான மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பேராபத்து.

முடிவாக

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது உலகெங்கும் மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பல நாய்கள் நாள் முழுவதும் மனிதர் அருகிலேயே இருந்து பழகின. பலர் புதிதாக நாய்க்குட்டி வாங்கினார்கள். ஊரடங்கு தளர்ந்து எல்லாரும் வெளியே போகத் தொடங்கியபோது, இதுவரை சிக்கல் இல்லாத நாய்களில் சிலவும் தனிமையைத் தாங்காமல் தவிப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். நாம் பழக்கிய பழக்கத்தை நாமே ஒரே நாளில் மாற்றினோம். அதன் விலையை நாய் கொடுத்தது.

ஹச்சிகோ இறந்து 80 ஆண்டுகள் நிறைந்த நாளில், 2015ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், டோக்கியோ பல்கலைக்கழக வேளாண்மைப் பிரிவின் வளாகத்தில் மற்றொரு சிலை திறக்கப்பட்டது. அதில் ஹச்சிகோ தனியே காத்திருக்கவில்லை. பேராசிரியர் திரும்பி வந்துவிட்டார். நாய் துள்ளி அவர்மேல் முன்னங்கால்களை வைத்து நிற்கிறது. சிலையில் மட்டுமே நடந்த சந்திப்பு அது.

நம் வீட்டு நாய்க்கு அந்தச் சந்திப்பு ஒவ்வொரு மாலையும் கிடைக்கிறது. "அவர்கள் போனால் திரும்பி வருவார்கள்" என்பது நமக்குத் தெரியும். நாய்க்கு அதை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். சில நொடிகளில் தொடங்கி, பொறுமையோடு, அடியின்றி அதைக் கற்றுக்கொடுக்க முடியும். இன்று மாலை கதவைத் திறக்கும்போது கீறல்கள் கண்ணில் பட்டால், கையை ஓங்குவதற்கு முன் ஒரு கணம் நில்லுங்கள். எட்டு மணி நேரம் அஞ்சி நடுங்கிய ஒரு சின்ன உயிர் எழுதி வைத்த கடிதம் அது.